வாயில் வைத்தாலும் பிரியாத படப்புத்தகம்

ஒருவழியாக, நான் வீட்டில் செய்த கெட்டி அட்டைப் படப்புத்தகம் தட்டையாக விரிகிறது. மடியில் வைத்துத் திறந்தால் இரண்டு பக்கமும் படுத்துக் கிடக்கின்றன. கட்டைவிரலால் அமுக்கிப் பிடிக்க வேண்டாம், கையை எடுத்ததும் டப்பென்று மூடிக்கொள்வதும் இல்லை. ஒன்றரை வயது தாண்டிய சின்னவள் கடித்து, நனைத்து, தரையில் தேய்த்துப் பார்த்துவிட்டாள். ஒரு தாள்கூடப் பிரியவில்லை. மேலட்டை இன்னும் ஒட்டவில்லை. அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன், பெருமை தாங்கவில்லை.

கதை இறக்குவது, பக்கம் அடுக்குவது எல்லாம் வீட்டில் புத்தகம் செய்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். நான் எடுத்தது ஸ்டோரிவீவரில் இருந்த முதல் நிலைக் கதை, பக்கத்துக்கு ஒரு வரி. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய தளம் அது. கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி பை 4.0 என்ற திறந்த உரிமம் உள்ள கதைகளை அச்செடுக்கலாம், அளவை மாற்றலாம், வரியைக்கூட மாற்றலாம். எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர்களோடு உரிமத்தையும் போட்டு, என்ன மாற்றினோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் எல்லாம் இருக்கிறது.

கெட்டி அட்டைப் புத்தகம் கடையிலேயே கிடைக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்கிறது. திறந்தால் ஆப்பிள், இக்லூ, சைலஃபோன். சேலம் அம்மாபேட்டையில் இக்லூவுக்கு நான் எங்கே போவது? தூலிகா, நேஷனல் புக் டிரஸ்ட் என்று நல்ல தமிழ்ப் படப்புத்தகங்கள் வீட்டில் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் எங்களிடம் உள்ளவை எல்லாம் மெல்லிய தாள், நடுவில் பின் அடித்தவை. பெரியவனுக்கு அது போதும். சின்னவள் கைக்குப் போனால் நடுப்பக்கம் முதலில் வரும், அப்புறம் பின் வரும், அது வாய்க்குப் போய்விடுமோ என்று நான் பின்னாலேயே ஓட வேண்டும். கிழிந்ததற்கு செல்லோடேப் ஒட்டினால் கொஞ்ச காலத்தில் டேப் மஞ்சளாகிறது, ஓரத்தில் பிசுபிசுப்பு கசிந்து பக்கத்துத் தாளையும் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

இனி விஷயம்: கிரெய்ன். காகிதத்தில் நார் ஓடும் திசை.

என் பக்க அளவு ஐந்தே முக்கால் அங்குலச் சதுரம். எதிரெதிர்ப் பக்கங்கள் சேர்ந்த ஒரு விரிப்பு பதினொன்றரைக்கு ஐந்தே முக்கால். டிஜிட்டல் பிரஸ்ஸில் ஓடும் 13க்கு 19 தாளில் மூன்று விரிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கலாம், வெட்டுக்கும் இடம் இருக்கும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் கார்டு, ஒரு பக்க அச்சு. ஒவ்வொரு விரிப்பையும் படம் உள்ளே போகும்படி நடுவில் மடித்து, ஒன்றின் முதுகை அடுத்ததன் முதுகோடு ஒட்டினால் கெட்டியான ஒரு தாள் ஆயிற்று. நடுவில் தனியாக அட்டை வைக்கத் தேவையில்லை.

இப்படி அடுக்கும்போது மடிப்பு விழுவது 19 அங்குல நீளத் திசையில். அப்படியானால் நாரும் அந்தத் திசையில்தான் ஓட வேண்டும். நாருக்குக் குறுக்கே மடித்தால் கார்டு முரண்டு பிடிக்கும், மடிப்பின் மேல் வெடிக்கும். டிஜிட்டல் அச்சில் டோனர் மசி தாளுக்குள் ஊறுவதில்லை, மேலே படிந்துதான் இருக்கும். தாள் வெடித்தால் மசியும் பொரிந்து வரும். யானையின் வயிற்றில் மேலிருந்து கீழே வெள்ளைக் கோடு. வெடிப்பாவது பார்வைக்குத்தான் அசிங்கம். நிஜமான தொல்லை, குறுக்கு நார் ஓடும் தாள் திறந்து படுக்காது, ஸ்பிரிங் போலத் துள்ளி எழும். குழந்தையை மடியில் ஒரு கையால் வளைத்துப் பிடித்து, மறு கையால் புத்தகத்தை அமுக்கிக்கொண்டு, படத்தை எந்தக் கையால் காட்டுவது?

அச்சகத்தில் கேட்டேன், "இந்தக் கார்டுல கிரெய்ன் எந்தப் பக்கம் ஓடுதுங்க?"

"கார்டுக்கு என்னங்க்கா கிரெய்ன், எல்லாம் ஒண்ணுதான்."

ஒன்றில்லை. கட்டிலிருந்து ஒரு தாளை வாங்கி, ஓரத்தில் சின்னச் சதுரம் கத்தரித்து, ஒரு பக்கத்தை மட்டும் விரலால் நனைத்துப் பாருங்கள். நார் ஈரத்தில் தடிக்குமே தவிர அவ்வளவாக நீளாது. அதனால் துண்டு குழாய் மாதிரி சுருளும். குழாய் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதுதான் நாரின் திசை. எச்சில் தொட்டே பார்த்துவிடலாம். அவர்கள் எனக்குப் போட்டது 13 அங்குலத் திசையில் நார் ஓடும் கார்டு. பணம் கொடுத்தாயிற்று, கட்டு வீட்டில் கிடக்கிறது. அதன் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

சரியான கார்டு கடைவீதிப் பக்கம் ஒரு காகிதக் கடையில் கிடைத்தது. முழுத் தாளாக வாங்கி, நார் 19 அங்குலத் திசையில் வரும்படி அங்கேயே வெட்டிக் கொடுத்தார்கள். கட்டாக எடுத்தால்தான் கட்டுப்படியாகும். இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து வாங்குவது நல்லது.

அப்புறம் கிரீஸிங், அதாவது மடிக்கும் இடத்தில் முன்பே கோடு அழுத்துவது. நார் சரியாக இருந்தாலும் 300 ஜிஎஸ்எம் கார்டைக் கோடு போடாமல் மடிக்கக்கூடாது. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவும் ஸ்டீல் ஸ்கேலும் போதும். எந்தப் பக்கம் கோடு போடுவது என்பதில்தான் எல்லோரும் குழம்புவார்கள். படம் உள்ளே போக வேண்டுமென்றால் வெள்ளைப் பக்கத்தில் அழுத்த வேண்டும். அழுத்திய பள்ளம் மடிப்புக்கு வெளியே, எழும்பிய மேடு மடிப்புக்கு உள்ளே. கண்ணுக்கு இது தலைகீழாகத் தெரியும். வீண் துண்டு ஒன்றில் இரண்டு விதமாகவும் மடித்து விரலால் தடவிப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

லேமினேஷனை கிரீஸிங்குக்கு முன்பே போட்டுவிட வேண்டும். பளபளக்காத மேட் ஃபிலிம்தான் என் கட்சி. பளபளக்கும் கிளாஸ் ஃபிலிம் போட்டால் ராத்திரி டியூப்லைட் நேராகப் படத்தின் மேல் விழுந்து, குழந்தை விளக்கைத்தான் பார்க்கிறாள். ஒரு பக்கம் மட்டும் ஃபிலிம் ஒட்டிய கார்டு மழைக்காலத்தில் ஃபிலிம் பக்கமாகச் சுருண்டுகொள்ளும், ஏனென்றால் ஈரம் குடிக்க முடிவது வெள்ளைப் பக்கம் மட்டும்தான். ஐப்பசி மழையில் வந்த தாள்கள் எல்லாம் ஓலைச்சுருள் போல நின்றன. பயப்பட வேண்டாம். முதுகோடு முதுகு ஒட்டும்போது இரண்டு சுருளும் எதிரெதிராக இழுத்துச் சமமாகிவிடும். இரண்டும் ஒரே கனம், ஒரே நார்த் திசை என்பது மட்டும் முக்கியம்.

பசை விஷயத்தில் மாமியாருக்கும் எனக்கும் கொஞ்சம் உரசல். பாவடியில் தறிக்கான பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்ட கை அவருடையது. வெள்ளைப் பசை டப்பாவைப் பார்த்ததுமே, "சேலத்துல இருந்துக்கிட்டுப் பசைக்குக் காசு குடுப்பியா கண்ணு? கிழங்கு மாவுல காய்ச்சு, கல்லு மாதிரி புடிக்கும்" என்றார். மரவள்ளிக் கிழங்கு மாவுக்கு இந்த ஊரில் பஞ்சமா? காய்ச்சினோம். கண்ணாடி போல வந்தது, பிடிக்கவும் பிடித்தது. சின்னவள் மூலையை வாயில் வைத்து ஊறப்போட்டாள், தாள் இரண்டாகப் பிரிந்தது. பசையில் குற்றமில்லை. எச்சிலில் அமைலேஸ் இருக்கிறது, மாவுச்சத்தைக் கரைப்பதே அதன் வேலை. சோற்றை மென்றால் இனிக்குமே, அதே சங்கதிதான். பைண்டிங் கடைகளில் மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், வாயில் வைக்கும் புத்தகத்துக்கு ஆகவே ஆகாது. மயில்துத்தம் இல்லாத மாவுப் பசையோ கரப்பானுக்கு விருந்து. கடைசியில் வெள்ளைப் பசைதான், மெல்லிய பூச்சாக. மாமியார் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பெரியவனின் நோட்டுக்கு அட்டை போட அந்தக் கஞ்சியைத்தான் எடுக்கிறார், அங்கே அது நன்றாகவே வேலை செய்கிறது.

ஒட்டும்போது மடிப்பை ஒட்டி 4 மில்லிமீட்டர் பசை இல்லாமல் விடுங்கள். தட்டையாக விரிவதற்கு நாருக்கு அடுத்த காரணம் இந்த இடைவெளிதான். வெளி ஓரம் மூன்றிலும் மட்டும் பசை விளிம்பு வரை போக வேண்டும், நாக்கு போகும் இடம் அது. பட்டர் பேப்பர் இடையில் வைத்து, பலகை போட்டு, அதன் மேல் அம்மிக்கல். ஒரு ராத்திரி முழுக்க. காய்ந்த பிறகு ஓரத்தை வெட்டி, மூலையைக் கார்னர் கட்டரில் வளைத்து, பொடி உப்புத்தாளால் தேய்த்தால் பிசிறு போய்விடும்.

இனி வாசிப்பு. தளத்தில் ஒவ்வொரு பக்கமாக வரும் கதையை விரிப்புகளாக மாற்றும்போது ஒரு சிக்கல் உண்டு. "மரத்துக்குப் பின்னால் யார்?" என்று இடப்பக்கத்தில் கேள்வி, வலப்பக்கத்திலேயே குரங்கு. கேட்டு முடிப்பதற்குள் பதில் தெரிந்துவிடுகிறது, தாளைத் திருப்பவே வேலையில்லை. அதனால் முன்னால் ஒரு வெறும் பக்கத்தைச் சேர்த்து எல்லாவற்றையும் ஒன்று தள்ளினேன். இப்போது கேள்வி வலப்பக்கம், குரங்கு தாளுக்குப் பின்னால். கேள்வியை வாசித்துவிட்டு நான் வாயை மூடிக்கொள்வேன். சின்னவள் வளைந்த மூலையை விரலால் நெம்பிப் பார்ப்பாள், வழுக்கும், மறுபடி நெம்புவாள். அவள் திருப்புகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். எட்டிப் போய்த் திருப்பிவிட என் கை துறுதுறுக்கும். பெரியவன் அவளுக்கு வாசிக்கும்போது அந்தப் பொறுமை இல்லை, அவனே திருப்பிவிடுவான், அலறல்தான். பள்ளியில் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று புத்தகங்களுக்கு நிலை வைத்திருக்கிறார்கள். அவன் தன்னைப் 'பற' என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், தங்கச்சி இன்னும் 'நுழை'க்கே வரவில்லையாம்.

1988இல் அமெரிக்காவில் க்ரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு மாதம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். நேராக வாசித்துக்கொண்டே போகாமல் திறந்த கேள்வி கேட்பது, குழந்தை சொன்னதைக் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்வது. அப்படி வாசித்த வீட்டுக் குழந்தைகள் பேச்சில் முன்னால் போயிருந்தார்கள். எனக்கு அதில் இரண்டாவதுதான் பிடித்தது. "மா" என்று காட்டினால், "ஆமா சாமி, மான் தழை திங்குது" என்பேன். கேள்வியை அளவோடு வைத்துக்கொள்கிறேன். பக்கத்துக்கு நாலு கேள்வி கேட்டால் புத்தகம் பரீட்சை ஆகிவிடும், எழுந்து போய்விடுவாள். வரியை அச்சில் உள்ளபடி ஒருமுறை வாசித்துவிட்டு, அடுத்து வீட்டுப் பேச்சிலும் சொல்லிவிடுவேன்.

குரும்பப்பட்டிப் பூங்காவில் புள்ளிமானைப் பார்த்து வந்த மறுநாள், செம்பருத்தி இலையைப் பறித்து வந்து புத்தகத்து மானின் வாயில் வைத்துத் தேய்த்தாள். லேமினேஷன் தாங்கியது. இலைத் துணுக்கு அந்த 4 மில்லிமீட்டர் இடைவெளிக்குள் போய் மாட்டிக்கொண்டது. ஊசியால் நோண்டி எடுத்தேன். அடுத்ததில் இடைவெளியை 3 ஆக்கிப் பார்க்க வேண்டும்.

மேலட்டைக்குக் காலிகோ என்கிற பைண்டிங் துணி வாங்கி வைத்திருக்கிறேன். முதுகில் பசை படாமல் முதல் தாளிலும் கடைசித் தாளிலும் மட்டும் ஒட்ட வேண்டும், முதுகையும் சேர்த்து ஒட்டினால் இத்தனை பாடும் வீண். இந்த ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடலாம்தான். ஆனால் புத்தி அடுத்த புத்தகத்துக்குப் போய்விட்டது.

அது ஏற்காட்டு மலைப்பாதை. அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. அப்படியே விசிறி மடிப்புப் புத்தகமாகச் செய்தால் மடிப்புக்கு ஒரு வளைவு, 20 மடிப்பு, மடிப்புகளுக்கு இடைப்பட்ட பக்கங்களாக 21 பலகம். முன்பக்கம் ஏறுவது, பின்பக்கம் இறங்குவது. பலகம் 4 அங்குல அகலம், 6 அங்குல உயரம் என்றால் விரித்தால் 7 அடி வரும், கூடத்தில் போட்டு எண்ணிக்கொண்டே தவழலாம். இந்தப் புத்தகத்தில் பட்டைகளை 19 அங்குல நீளத்தில் வெட்ட வேண்டும், மடிப்பு அதற்குக் குறுக்கே 13 அங்குலத் திசையில் விழும். அதாவது, அச்சகத்தில் எனக்குத் தலையில் கட்டிய அந்தக் கார்டு இதற்கு அளவெடுத்தது போலப் பொருந்தும்! ஒரு பட்டையில் நாலு பலகம், மிச்சம் மூன்று அங்குலத்தில் ஒட்டு. ஒட்டு விழும் இடம் இரட்டைக் கனமாகிறது, அதை மடிப்பில் வைப்பதா, பலகத்தின் நடுவில் வைப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

படம் பெரியவன் பொறுப்பு. குரங்கு, காபிப் பழம், சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடி எல்லாம் வரைந்துவிட்டான். காட்டுமாட்டை எந்த வளைவில் நிறுத்துவது என்பதில் அவனுக்கும் அப்பாயிக்கும், அதாவது என் மாமியாருக்கும், வழக்கு நடக்கிறது. மேலே ஏறிய பிறகுதான் வரும் என்கிறான் அவன். கீழேயே வந்தால்தான் சின்னவள் மிச்ச வளைவுகளைப் பார்க்க உட்காருவாள் என்கிறார் அப்பாயி. எனக்கென்னவோ அப்பாயி சொல்வது சரி என்று படுகிறது.