தோல்வியே காணாதவரா, பத்தொன்பது முறை தோற்றவரா?

முகமது அலியும், அவருக்கு முந்திய காலத்து ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோவும் ஒரே குத்துச்சண்டைக் களத்தில் நின்றிருக்கிறார்கள். ஆனால் அது உண்மையான சண்டை அல்ல. 1969-இல் இருவரும் படப்பிடிப்புக்காகச் சுற்றுச் சுற்றாகப் பாவனைக் குத்துகளை விட்டார்கள். வெற்றியாளரைக் கணினி தீர்மானிக்கும் என்று அறிவிக்கப்பட்டது. அந்த ஆகஸ்டிலேயே மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் அவர் 13-ஆம் சுற்றில் அலியை நாக் அவுட் செய்தார். ஐரோப்பாவில் காட்டப்பட்ட வடிவத்திலோ அலி வென்றார். வெவ்வேறு காலத்து வீரர்களை மோதவிடும் விவாதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கூத்துதான் நினைவுக்கு வருகிறது.

இன்றைய விவாதங்களில் கணினியின் இடத்தைத் தோல்விக் கணக்கு பிடித்துக்கொண்டிருக்கிறது. ஃபிளாய்ட் மேவெதர் 1996 முதல் 2017 வரை 50 தொழில்முறைச் சண்டைகளிலும் வென்றவர். சுகர் ரே ராபின்சன் 1940 முதல் 1965 வரை ஏறத்தாழ 200 முறை களமிறங்கி 19 முறை தோற்றவர். இவர்களில் யார் பெரியவர் என்ற கேள்விக்கு, எண்ணை மட்டும் பார்த்தால் தீர்ப்பு எளிது. ஆனால் ராபின்சனின் முதல் தோல்வியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 1943 பிப்ரவரி 5 அன்று, தம்மைவிட ஏறக்குறைய 16 பவுண்டு கனமான ஜேக் லமோட்டாவிடம் அவர் தோற்றார். அதே மாதம் 19-ஆம் தேதி ஜாக்கி வில்சனை வென்று, 26-ஆம் தேதி மீண்டும் லமோட்டாவை எதிர்கொண்டு அவரையும் வென்றார். ஒரே மாதத்தில் மூன்று சண்டைகள்! இன்றைய பட்டவீரர் ஒருவருக்கு அது ஒன்றரை ஆண்டு வேலை. அடுத்த தோல்வி 1951 ஜூலையில் லண்டனில் ராண்டி டர்பினிடம்தான் வந்தது. எஞ்சிய பதினேழும் அதற்குப் பிந்தியவை, அவற்றுள் பல நாற்பதைத் தாண்டிய உடல் வாங்கியவை.

மேவெதரின் கலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. இடது தோளை உயர்த்தி முகவாயை மறைத்து, வரும் குத்தைத் தோளில் சறுக்கவிட்டு, எதிராளி நிலைகொள்ளும் முன் வலக்கையால் பதிலடி தரும் அந்தத் தற்காப்பை அவரளவுக்குத் துல்லியமாகச் செய்தவரை நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது: 1922-இல், பின்னாளில் ஹெவிவெயிட் சாம்பியனான ஜீன் டன்னிக்கு அவருடைய வாழ்நாளின் ஒரே தோல்வியைத் தந்த ஹாரி கிரெப் சண்டையிடும் படச்சுருள் ஒன்றுகூட இன்று இல்லை.

விதிகளும் மாறிவிட்டன. 1982-இல் ரே மன்சினியுடனான சண்டையின் 14-ஆம் சுற்றில் வீழ்ந்த கொரிய வீரர் கிம் டுக்-கூ சில நாள்களில் இறந்ததை அடுத்து, பட்டச் சண்டைகள் 15 சுற்றுகளிலிருந்து 12 ஆகக் குறைக்கப்பட்டன. முன்பு சண்டையன்று காலையில் எடை பார்த்தார்கள். இப்போது முந்தைய நாளே பார்த்துவிடுவதால், எடையைக் குறைத்தவர் இரவுக்குள் உடலைத் தேற்றிக்கொள்ள முடிகிறது.

எனவே, வெல்டர்வெயிட்டில் (147 பவுண்டு வரையிலான எடைப்பிரிவு) மேவெதரும் ராபின்சனும் மோதினால் யார் வெல்வார் என்று கேட்பவரிடம், எத்தனை சுற்று என்று நான் திருப்பிக் கேட்பேன். பன்னிரண்டு என்றால் மேவெதர் புள்ளிகளில் தப்பிவிடக்கூடும். பதினைந்து என்றால், அந்தக் கடைசி மூன்று சுற்றுகளில் ராபின்சனின் இடது ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, அந்தத் தோளைத் தாண்டிப் போய்ச் சேரும் என்பதே என் கணிப்பு.