வாஷர் விட்டுப்போன வளையம்

அப்பா விட்டுச்சென்ற புரோட்டோன் இஸ்வாரா 1.3 காடி இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. காலையில் மகளை மகாத்மா காந்தி கலாசாலையில் இறக்கிவிட்டு, சுங்கை சிப்புட்டிலிருந்து பழைய சாலையிலேயே ஈப்போவுக்கு வேலைக்குப் போய்விடுவேன். வழியில் பெரிய ஏற்றம் இல்லை. அதனால் கோளாறு எனக்குச் சீக்கிரம் பிடிபடவில்லை. ஒருநாள் தைப்பிங்கிலிருந்து நெடுஞ்சாலையில் நேராக ஈப்போவுக்கு வந்தபோது, மெனோரா சுரங்கப்பாதைக்கு முந்தின ஏற்றத்தில் காடி இழுக்கவே இல்லை. மூன்றாவது கியருக்கு இறங்கியும் லோரிகளுக்குப் பின்னால்தான் ஊர்ந்தேன். வெப்பமுள்ளும் மேலே ஏறியிருந்தது.

டவுனில் ஒரு பட்டறையில் காட்டினேன். டைமிங் ஓடிப்போச்சு என்று சொல்லி, காதால் கேட்டே, பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்கிக் கொடுத்தார்கள். ஐடலில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எண்ணெய்ப் பெடலை மிதித்தால் பால்டின்னில் கல் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம். தீப்பொறி நேரத்துக்கு முன்பே விழுந்தால் எஞ்சின் இப்படித்தான் தட்டும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் பிஸ்டனுக்கே ஆபத்து.

பக்கத்து வீட்டு மாமா தோட்டத்து ரப்பர் ஆலையில் எஞ்சின் பார்த்தவர். அவரிடம் தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் இருந்தது. எஞ்சினைச் சூடாக்கி, ஏர்கானையும் விளக்குகளையும் அணைத்துவிட்டு, கிளிப்பை முதல் சிலிண்டர் பிளக் வயரில் மாட்டினோம். என் எஞ்சினுக்கு ஐடலில், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 5 டிகிரி முன்னால் தீப்பொறி விழ வேண்டும். புல்லியில் உள்ள கோடு 10-ஐயும் தாண்டி நின்றது. டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி 5-க்குக் கொண்டுவந்தோம். தட்டும் சத்தம் நின்றது. இழுப்பு மட்டும் வரவில்லை.

மாமா டார்ச் அடித்து டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டைக் காட்டினார். அந்தப் போல்ட் உட்காரும் நீளத்துளையின் நடுவில், அழுக்கே படியாமல் பளிச்சென்று ஒரு வட்டம். இத்தனை வருஷம் வாஷர் உட்கார்ந்திருந்த இடம். இப்போது வாஷர் அதைவிட்டு விலகி ஓரத்துக்குப் போயிருந்தது.

"தம்பி, 5 டிகிரி காட்டுது, ஆனா போல்ட் பழைய இடத்துல இல்லையே. பெல்ட்டைக் கழட்டுனாங்களா?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்று மாதத்துக்கு முன், எண்ணெய் கசிந்ததென்று கிராங்க் சீல் மாற்றக் கொடுத்திருந்தேன். அதற்கு, கிராங்கையும் கேம்ஷாஃப்ட்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும். இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவதும் வால்வுகளைத் திறக்கும் அதே கேம்ஷாஃப்ட்தான். பெல்ட் ஒரு பல் தள்ளி விழுந்தால் வால்வும் பிந்தும், தீப்பொறியும் பிந்தும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் தீப்பொறி சரியாகும், வால்வு அப்படியே பிந்தித்தான் திறக்கும். லைட்டை மட்டும் நம்பினால் இது தெரியவே தெரியாது.

சனிக்கிழமை பிற்பகல் ரம்புத்தான் மரத்தடியில் வேலையை ஆரம்பித்தோம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, டயருக்குக் கட்டை கொடுத்து, பிளக் நான்கையும் எடுத்துவிட்டோம். பிளக் இல்லாவிட்டால் எஞ்சினைக் கையால் சுற்றுவது சுலபம். மேல் கவரைத் திறந்து கிராங்கைக் கடிகாரச் சுற்றில் மெல்லத் திருப்பினேன். முதல் சிலிண்டர் துளையில் ஒரு சாத்தே குச்சியை விட்டுப் பிடித்துக்கொண்டால் பிஸ்டன் மேலே வருவது விரலில் தெரியும். புல்லிக் கோடு, பிஸ்டன் உச்சியைக் குறிக்கும் டி எழுத்துக்கு நேராக வந்து நின்றது. கேம் சக்கரத்தின் குறி, ஹெட்டில் உள்ள குறிக்குச் சரியாக ஒரு பல் பின்னால். இரண்டு சுற்று சுற்றி மறுபடி பார்த்தேன். அதே ஒரு பல்.

கோபம் வந்தது. கவரை மூடுவதற்கு முன் இரண்டு சுற்று கையால் சுற்றிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதிகம் போனால் ஐந்து நிமிட வேலை.

மற்றதெல்லாம் பொறுமைதான். எண்ணெய்த் தட்டுக்கு அடியில் பலகை வைத்து ஜேக் கொடுத்து, பெல்ட் பக்கத்து மவுண்டிங்கைக் கழற்றி, புல்லியையும் கீழ்க் கவரையும் எடுத்தோம். புல்லி போல்ட்டுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆனது. திறந்தது திறந்தாயிற்று, பெல்ட்டும் அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் புதிதாகவே போட்டேன். கிராங்க் குறி, கேம் குறி இரண்டையும் நேராக வைத்து, டென்ஷனர் இல்லாத பக்கத்தில் பெல்ட் தொய்யாமல் மாட்ட வேண்டும். அந்தப் பக்கம் தளர்ந்திருந்தால், டென்ஷனர் இழுக்கும்போது பல் மறுபடி தவறிவிடும். மாட்டியதும் இரண்டு சுற்று சுற்றினோம். இரண்டு குறியும் நேர் நேராக நின்றன.

எல்லாவற்றையும் பூட்டி ஸ்டார்ட் செய்து மறுபடி லைட் அடித்தோம். 5 டிகிரிக்கு வந்ததும் போல்ட்டை இறுக்கினேன். வாஷர் அந்தப் பழைய வளையத்தின் மேலேயே போய் உட்கார்ந்தது. மாமா ஒன்றும் சொல்லாமல் டார்ச்சை அணைத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோலாகங்சார் போய் நெடுஞ்சாலையில் ஏறி, அதே மெனோரா ஏற்றத்தை நான்காவது கியரிலேயே ஏறி முடித்தேன்.