காப்பீடு மே 31, கார்னிவல் ஜூன் 7

இங்கிலாந்துச் சிற்றூர் கார்னிவல், பார்ப்பவர்களுக்கு இரண்டு மணி நேர வேடிக்கை. அலங்கரித்த டிரெய்லரில் பிள்ளைகள், முன்னும் பின்னும் ட்ரம் பேண்ட், ஓரமாக நன்கொடைக்கு வாளி குலுக்கும் நாலு பேர், கடைசியில் மைதானத்தில் பர்கரும் பியரும். நடத்தும் கமிட்டிக்கு அது ஒன்பது மாதக் காகித வேலை. சம்பளத்துக்கு ஆள் கிடையாது. எல்லோரும் வேலை முடிந்து வந்து உட்காருபவர்கள். 2025 ஜூன் 7, சனிக்கிழமை எங்கள் ஊர் ஊர்வலம் நல்லபடியாகப் போனது. அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது. லண்டன் பக்கம் கோயில் தேரை வீதிக்குக் கொண்டுவருபவர்களும் ஏறக்குறைய இதே கதவுகளைத்தான் தட்ட வேண்டும், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதல் அடி காப்பீட்டில் விழுந்தது. சாலையை மூடக் கேட்டாலும் மைதானத்தைக் கேட்டாலும் கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், முதலில் கேட்பது பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ்; விழாவால் பிறருக்கு அடிபட்டாலோ பொருள் சேதமானாலோ இழப்பீடு தரும் காப்பீடு அது. 50 லட்சம் பவுண்டுக்காவது இருக்க வேண்டும், பல இடங்களில் ஒரு கோடி. எங்களிடம் ஒரு கோடிக்கே இருந்தது. ஆனால் பாலிசி மே 31-ல் முடிகிறது, கார்னிவல் ஜூன் 7. விண்ணப்பமோ 12 வாரம் முன்பே போயாக வேண்டும். பிப்ரவரி கடைசியில் அனுப்பினோம். பத்து நாள் கழித்து ஒரே வரியோடு திரும்பி வந்தது: விழா நாளன்று செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லை. இன்சூரன்ஸ் தரப்பைக் கேட்டால், பாலிசி முடிய 30 நாள் இருக்கும்போதுதான் புதிய சான்றிதழ் தருவோம் என்றார்கள். அதாவது மே மாதம். கவுன்சில் மேசையிலோ, சான்றிதழ் வராமல் கோப்பையே திறக்க மாட்டார்களாம். ஐந்து மின்னஞ்சல், மூன்று போன். ஒவ்வொரு முறையும் வேறு குரல், ஒவ்வொரு குரலுக்கும் கதையை ஆதியிலிருந்து.

கடைசியில் காப்பீட்டுத் தரகர் எழுதிய அரைப் பக்கக் கடிதம் காரியத்தை முடித்தது. ஜூன் 1 முதல் இதே தொகைக்குப் புதுப்பிக்கக் கமிட்டி எழுத்தில் சம்மதித்திருக்கிறது, சான்றிதழ் மே முதல் வாரம் வரும், அவ்வளவுதான் அதில் இருந்தது. அதை வைத்து ‘நிபந்தனையுடன் ஏற்பு’ என்று கோப்பை நகர்த்தலாம் என்பது மேசையில் இருந்தவருக்குத் தெரியாது. அவருடைய மேலாளருக்குத் தெரிந்திருந்தது. முதல் வாரமே மேலாளரைக் கேட்டிருக்க வேண்டும்.

சான்றிதழின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். ஓடும் வண்டிமேல் நிற்கும் ஆட்கள், பிள்ளைகள் குதிக்கும் காற்றடைத்த பவுன்ஸி காஸில், வாணவேடிக்கை மூன்றையும் பல பாலிசிகள் பின்பக்கத்தில் ஓசையில்லாமல் விலக்கி வைத்திருக்கும். தவிர, ஒவ்வொரு வண்டிக்கும் அதன் சொந்த மோட்டார் காப்பீட்டாளரிடமிருந்து, ஊர்வலத்தில் டிரெய்லர்மேல் ஆட்களோடு போவதும் பாலிசிக்குள் அடங்கும் என்று கடிதம் வேண்டும். சாலையை மூடியிருக்கிறோமே என்று வாதாட முடியாது; மூடினாலும் அது பொதுச் சாலைதான். எங்களுக்கு வந்த ஒரு கடிதத்தில் வேறு லாரியின் பதிவு எண் இருந்தது. ஊர்வலத்துக்கு நாலு நாள் முன்புதான் யாரோ கவனித்தார்கள். கடிதம் வந்த அன்றே நம்பர் பிளேட் படத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

சாலை மூடலில் போன மூன்று வாரம் முழுக்க எங்கள் தவறு. இதற்கு இரண்டு சட்ட வழிகள். ஒன்று 1847-ஆம் ஆண்டின் நகரக் காவல் விதிகள் சட்டம், 21-ஆம் பிரிவு. விக்டோரியா காலத்தது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊர்வலம், களியாட்டம், விளக்கலங்காரம் ஆகியவற்றுக்குத் தெருவை மூட மாவட்ட கவுன்சில் அதன்படி ஆணையிடும். மற்றது 1984-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டம், 16ஏ பிரிவு; அது நெடுஞ்சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் கவுண்டி கவுன்சிலின் கையில். மாவட்டம், கவுண்டி என்று இரண்டு அடுக்கு உள்ள பகுதியில் எது யாருக்கு என்று போன் செய்து கேட்காமல் அனுப்பினால், எங்கள் காகிதம் போல உங்களுடையதும் தப்பான மேசையில் தூங்கும். 16ஏ வழியில் இன்னொரு கண்ணியும் உண்டு: ஒரு சாலையை ஒரு நாட்காட்டி ஆண்டில் ஒருமுறைதான் அப்படி மூடலாம், மறுமுறை என்றால் அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் விளக்கேற்றும் குழுவும் அதே கடைத்தெருவை அதே வழியில் மூடுகிறதா என்று முதலிலேயே விசாரியுங்கள். ஜூனில் நாம் எடுத்துக்கொண்டால் டிசம்பரில் அவர்கள் சண்டைக்கு வருவார்கள், நியாயமாக.

ஆணை வந்துவிட்டால் தெரு காலியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். வாகனம் நிறுத்தத் தடையையும் சேர்த்துக் கேட்டு வாங்காவிட்டால், முந்தின இரவு நிறுத்திய கார் அங்கேயே நிற்கும், யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். இரண்டு வாரம் முன்பு வீட்டுக்கு வீடு துண்டறிக்கை, முந்தின மாலையே டிராஃபிக் கோன். பேருந்து நிறுவனத்துக்குத் தனியாக எழுத வேண்டும். கவுன்சில் சொல்லிவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

ஊர்வலத்தில் வரும் மிக நீளமான வண்டியை ஒருமுறை அதே பாதையில் ஓட்டிப் பார்ப்பது எந்த வரைபடத்தையும்விட மேல். வங்கி முனைத் திருப்பத்தில் டிரெய்லரின் பின்சக்கரம் நடைபாதையில் ஏறுவதை அப்படித்தான் கண்டுபிடித்தோம். கடைகளின் துணிப் பந்தல், விளக்குக் கம்பத்தில் தொங்கும் பூக்கூடை, மே மாதத்தில் தழைத்துத் தாழும் மரக்கிளை மூன்றும் கூகுள் படத்தில் தெரியாது. சாமர்செட்டின் பிரிட்ஜ்வாட்டர் கார்னிவலில் ஏறத்தாழ 100 அடி நீளம், 16 அடி உயரத்துக்கு வண்டி கட்டி, ஆயிரக்கணக்கான பல்பு எரிய நவம்பர் இரவில் இழுத்துப் போகிறார்கள். அவர்களுக்கு என் கும்பிடு. எங்களுக்கு 30 அடி டிரெய்லரே போதும் போதும் என்றாகிவிட்டது.

பாதுகாப்பு ஆலோசனைக் குழு என்று கவுன்சில், போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாரும் உட்காரும் கூட்டம் ஒன்று உண்டு. பெயரில் உள்ளதுபோல ஆலோசனைதான். அனுமதி தரவோ தடுக்கவோ அதற்குச் சட்ட அதிகாரம் இல்லை. ஆனாலும் அவர்கள் சொன்னதைச் செய்யாமல் விபத்து நடந்தால் பதில் சொல்ல வேண்டியது நாம். நிகழ்ச்சித் திட்ட ஆவணத்தை வேறு ஊரிடமிருந்து வாங்கி, பெயர் மாற்றிக் கொடுத்தோம். காணாமல் போன குழந்தைகள் பகுதியில் “கடற்கரைக் காவலரிடம் தெரிவிக்கவும்” என்று இருந்தது. எங்கள் ஊரிலிருந்து கடலுக்கு ஒன்றரை மணி நேரம். கூட்டத்தில் அதை ஒருவர் சத்தமாகப் படித்தார். அந்தப் பகுதியில் உண்மையில் இருக்க வேண்டியது: பின்னணிச் சரிபார்ப்பு முடிந்த இரண்டு பேர் எப்போதும் சேர்ந்தே குழந்தையோடு இருக்க வேண்டும், மைக்கில் குழந்தையின் பெயரையோ சட்டை நிறத்தையோ சொல்லவே கூடாது.

பியர் கூடாரத்தில் மது விற்கக் கவுன்சிலுக்குத் தற்காலிக நிகழ்வு அறிவிப்பு தர வேண்டும். கட்டணம் 21 பவுண்டு, படிவம் சுலபம், தேதிக் கணக்கில்தான் எல்லாரும் விழுகிறார்கள். முழுதாகப் பத்து வேலைநாள் இடைவெளி வேண்டும். கவுன்சிலுக்குக் கிடைக்கும் நாளும் விழா நாளும் கணக்கில் சேராது. ஜூன் 7-லிருந்து பின்னோக்கி எண்ணி மே 23 வெள்ளி போதும் என்று நினைத்தோம். மே 26 திங்கள் வங்கி விடுமுறை. ஆக கடைசி நாள் மே 22. வெள்ளிக்கிழமை காலை அனுப்பியது ‘தாமத அறிவிப்பு’ ஆகிவிட்டது. தாமத அறிவிப்பில் போலீசோ சுகாதாரப் பிரிவோ ஒரு ஆட்சேபம் எழுதினால் அதோடு முடிந்தது, விசாரணை கிடையாது. ஆட்சேபம் வரவில்லை, அதிர்ஷ்டம். இன்னொன்று: ஒரே நேரத்தில் 499 பேர்தான் இருக்கலாம், அதில் பியர் ஊற்றும் தொண்டர்களும் அடக்கம். மைதானம் முழுவதற்கும் எழுதாமல், கூடாரத்தைச் சுற்றி வேலி போட்டு அந்த வேலிக்குள் மட்டும் எழுதுங்கள். வாசலில் எண்ணும் கருவியோடு ஒருவர்.

குலுக்கல் சீட்டில் ஒரு சின்ன வெற்றி. முன்கூட்டியே ஊரில் விற்க 2,000 சீட்டு அச்சடித்தோம். அப்படி விற்பது சிறு சங்க லாட்டரி. கவுன்சிலில் 40 பவுண்டு கட்டிப் பதிய வேண்டும், சீட்டில் சங்கத்தின் பெயர், விலை, பொறுப்பாளரின் பெயரும் முகவரியும், குலுக்கல் தேதி இருக்க வேண்டும். எங்கள் சீட்டில் அழகான யானைப் படமும் எண்ணும் மட்டும். தூக்கிப் போடத்தான் இருந்தோம். விழா நடக்கும் இடத்திலேயே, நடக்கும்போது மட்டும் விற்றால் அது வேறு வகை; பதிவும் வேண்டாம், சீட்டில் அந்த விவரமும் வேண்டாம். வசூலிலிருந்து பரிசுக்கு 500 பவுண்டு, செலவுக்கு 100 பவுண்டுக்கு மேல் எடுக்கக் கூடாது, அவ்வளவே. கடைக்காரர்கள் சும்மா தந்த பரிசு அந்த 500-ல் சேராது. மாலை நாலு மணிக்குள் யானைச் சீட்டு அத்தனையும் தீர்ந்தது.

அலங்கார வண்டிகளுக்கு நாங்கள் போட்ட விதிகள் எல்லாம் யாரோ எங்கோ அடிபட்ட பிறகு வந்தவை. டிரெய்லரைச் சுற்றி இடுப்பளவு கம்பித் தடுப்பு, ஆட்டிப் பார்த்தால் அசையக் கூடாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் ஒருவர் கூடவே நடக்க வேண்டும். வண்டியிலிருந்து மிட்டாய் வீசக் கூடாது. வீசினால் பிள்ளைகள் சக்கரத்துக்கு அடியில்தான் பொறுக்க ஓடுவார்கள். கொடுப்பதானால் நடந்து வருபவர் கையில் கொடுக்கட்டும். ஜெனரேட்டர் வைக்கோல் கட்டு, கிரேப் தாளை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும், ஆட்கள் ஏறிய பிறகு பெட்ரோல் ஊற்றக் கூடாது. தீயணைப்பு உருளை இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வண்டியில் அது அட்டை அரண்மனைக்குப் பின்னால் ஸ்க்ரூ போட்டு மூடப்பட்டிருந்தது.

வரிசை போடுவது ஒரு தனிக் கலை. இரண்டு பேண்டை அடுத்தடுத்து விட்டால் இரண்டு தாளமும் மோதி யாருக்கும் கால் சேராது. நடுவில் மூன்று வண்டியாவது வேண்டும். நடந்து வரும் சின்னப் பள்ளிப் பிள்ளைகளைக் கடைசியில் போட்டால் இடைவெளி விழுந்து, அதை நிரப்ப அவர்களை ஓடவிடுவார்கள். முன்பக்கமே போட்டால் அவர்கள் வேகமே ஊர்வல வேகம். அதற்குக் கியர் மாற்றும் பழைய லாரி ஒத்துவராது. மேட்டில் கிளட்ச் கருகும் வாடை கடைத்தெரு முழுக்க வந்தது.

அன்றைய சண்டை எல்லாம் சாலை மூடிய முனைகளில்தான். மஞ்சள் ஜாக்கெட் போட்டதால் மார்ஷலுக்கு, அதாவது வழிகாட்ட நிற்கும் தொண்டருக்கு, போக்குவரத்தை நிறுத்தும் அதிகாரம் வந்துவிடாது. அது போலீசுக்கும், அதற்கென்று முறைப்படி அங்கீகாரம் பெற்றவர்களுக்கும்தான். மூடாத சந்திப்பில் நின்று கை காட்டக் கூடாது என்று மூன்று தடவை சொல்லியும் ஒருவர் காட்டினார். ஒவ்வொரு முனையிலும் ஆணையின் நகலை லேமினேட் செய்து தொங்கவிட்டு, திறக்கும் நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வீட்டுக்கு வந்து முதியோரைக் கவனிப்பவர்களின் கார் எந்த முனை வழியாக, யார் கூட நடந்துவர உள்ளே வரும் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். எங்கள் பக்கம் அது எழுதப்படாததால் ஒரு நர்ஸ் 20 நிமிடம் நின்றார்.

வாளி வசூலுக்குத் தெரு வசூல் அனுமதி தனி. வாளிக்கு மூடி, முத்திரை, எண். வசூலிப்பவர் ஓரிடத்தில் நிற்க வேண்டும், ஒருவருக்கொருவர் 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று மாதிரி விதிகளில் உண்டு; ஊர்வலத்தோடு நடந்தே வசூலிக்க அதைத் தளர்த்தும்படி விண்ணப்பத்திலேயே கேளுங்கள். கணக்கை ஒரு மாதத்துக்குள் கவுன்சிலுக்குத் தர வேண்டும்.

எண்ணும்போது இருவர், கையெழுத்தும் இருவர். வங்கிப் பைக்கு அளவு உண்டு: ஒரு பவுண்டு நாணயம் 20 பவுண்டுக்கு, 50 பென்ஸும் 20 பென்ஸும் 10 பவுண்டுக்கு, 10 பென்ஸும் 5 பென்ஸும் 5 பவுண்டுக்கு, செம்பு நிற 1, 2 பென்ஸ் நாணயம் ஒரு பவுண்டுக்கு. கவுண்டரில் எண்ண மாட்டார்கள், தராசில் வைப்பார்கள். எங்கள் பத்துப் பென்ஸ் பை ஒன்றை மூன்று முறை வைத்துப் பார்த்துவிட்டு அந்தப் பெண் கண்ணாடிக்கு அடியில் திருப்பித் தள்ளினார். அங்கேயே ஓரமாகக் கொட்டித் துழாவினோம். ஐம்பதில் ஒன்று ஏதோ கேளிக்கை மையத்தின் டோக்கன்.

மறுநாள் தரகருக்குப் போன் செய்து, பாலிசி புதுப்பிக்கும் தேதியை மே 31-லிருந்து செப்டம்பருக்கு மாற்றியாயிற்று. நடுவிலுள்ள மாதங்களுக்குக் குறுகிய காலப் பாலிசி ஒன்று. அப்படி மாற்றலாம் என்று பிப்ரவரியில் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.