முதுகில் ஒரு தட்டு

வட்டார வள மையத்தில், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியராக எனக்கு இது 11ஆவது வருடம். வாரத்துக்கு ஒரு நாள் போகும் ஒரு நடுநிலைப் பள்ளியில், ஏழாம் வகுப்பில் காது சரியாகக் கேட்காத ஒரு பெண். "அஞ்சாவது வரைக்கும் கூட்டத்தோடதான் திரிவா மேடம். இப்போ தனியாப் போய் உட்கார்ந்துக்கிறா" என்றார் வகுப்பாசிரியை.

உணவு இடைவேளையில் வேப்பமரத்தடியில் நின்று பார்த்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. சின்ன வகுப்பில் சிநேகிதம் என்றால் ஓடிப்பிடிப்பதும் பாண்டி ஆடுவதும்தான். ஆறாவதுக்கு வந்ததும் அது பேச்சாகிவிடுகிறது. சத்துணவுத் தட்டோடு நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து குசுகுசுப்பார்கள். ஒருத்தி முடிப்பதற்குள் இன்னொருத்தி ஆரம்பிப்பாள். காது மெஷின் பேச்சை மட்டும் பொறுக்கித் தராது. தட்டுச் சத்தத்தையும் குழாயடிக் கூச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். உதட்டைப் பார்க்கலாம் என்றால் வாய் நிறைய சோறு. கடைசியில் எல்லோரும் சிரிப்பார்கள். தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்து இவள் எழுந்துவிடுவாள்.

நான் செய்த முதல் வேலையே தப்பு. நன்றாகப் படிக்கும் ஒருத்தியை 'உதவித் தோழி' ஆக்கினேன். நோட்டு எழுதிக் கொடுத்தாள், பையைத் தூக்கினாள். மூன்றாவது வாரம் கேட்டாள்: "இன்னும் எத்தனை நாள் மிஸ் நான் இவளைப் பாத்துக்கணும்?" நான் கொடுத்தது வேலை, அதில் சிநேகிதம் எங்கிருந்து வரும்? போதாததற்கு, நான் போகிற நாளெல்லாம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, மற்றவர்கள் உட்கார வேண்டிய இடத்தையும் அடைத்துக்கொண்டிருந்தேன்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலேயே இலவசமாகப் படிக்கும் உரிமையைத் தருகிறது. அதை நான் பயிற்சிகளில் நூறு தடவை சொல்லியிருப்பேன். பக்கத்து பெஞ்சைப் பற்றி யோசித்தது குறைவு.

அப்புறம் ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசினோம். வகுப்பாசிரியை ஒரு வழி கண்டுபிடித்தார்: குழு வேலையில் ஸ்கேலைக் கையில் வைத்திருப்பவர்தான் பேச வேண்டும். யாரைப் பார்ப்பது என்று இவளுக்குத் தெரிந்துவிடும். வாயாடிகள் இரண்டு பேர் அடங்கியது கூடுதல் லாபம்.

உடற்கல்வி ஆசிரியர்தான் தயங்கினார். "விசில் கேட்காதே மேடம்." விசிலோடு கைக்குட்டையையும் தூக்குங்கள் சார் என்றேன். கோகோவில் சேர்த்துக்கொண்டார். அந்த ஆட்டமே அவளுக்காகச் செய்தது போல இருந்தது. உட்கார்ந்திருப்பவள் முதுகில் தட்டு விழுந்தால் எழுந்து ஓட வேண்டும், காது எதற்கு? அவள் 'கோ' என்று கத்த வேண்டிய இடத்திலும் சிக்கலில்லை. மைதானமே கத்தும்போது அவள் குரலைக் கேலி செய்ய யாருக்கு நேரம்?

உணவு இடைவேளை இன்னும் சரியாகவில்லை. சில நாள் தனியாகத்தான் சாப்பிடுகிறாள். ஆனால் போன வாரம் வகுப்பாசிரியை புகாரோடு வந்தார். ஆட்டத்தில் யாரால் தோற்றோம் என்று இவளுக்கும் அந்தப் பழைய உதவித் தோழிக்கும் சண்டையாம்; பேச்சுவார்த்தையே இல்லையாம். கூப்பிட்டு சமாதானம் செய்யவா என்று கேட்டார்.

"வேண்டாம் டீச்சர், விடுங்க" என்றேன்.