சோடி பிரியாத அட்டவணை

நம் கல்லூரி ஆய்வுகூடத்தில் உயர்தரம் படித்தவர்களுக்குச் செய்முறைக் கொப்பியின் அந்த விதி மறந்திருக்காது: முதலில் அட்டவணைக்குக் கோடு, பிறகுதான் சட்டியில் விதை. அளந்து முடித்துவிட்டு அட்டவணை கீறினால் பக்கத்துக்குக் குறுக்கே சிவப்புக் கோடு விழும். ஏன் என்று கேட்டால் ஆசிரியர் எடுத்துவருவது சார்ள்ஸ் டார்வினின் சோளக் கன்றுகளை (இந்திய நண்பர்களுக்கு, மக்காச்சோளம்).

அயன்மகரந்தச் சேர்க்கையில் வந்த விதையையும் தன்மகரந்தச் சேர்க்கையில் வந்த விதையையும் டார்வின் ஈரமணலில் முளைக்கவைத்தார். ஒரே நேரத்தில் முளைத்த இரண்டை ஒரே சட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் நட்டார். 4 சட்டிகள், 15 சோடிகள். உயரத்தை அங்குலத்தில் எட்டிலொரு பங்குவரை அளந்து 1876இல் வெளியிட்டார். முதற் சோடியில் அயற்கன்று 23 4/8, தன்கன்று 17 3/8. இரண்டாவதில் அயற்கன்று வெறும் 12, தன்கன்று 20 3/8.

இந்த எண்களைப் பார்த்துக் கொடுத்த உறவினர் பிரான்சிஸ் கால்ரன், இரு நிரல்களையும் தனித்தனியே பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கினார். கடைசி இரண்டைத் தவிர வேறுபாடுகள் அழகாக, மூன்று, மூன்றரை அங்குலத்தை ஒட்டிச் சீராக வந்துவிட்டன. வராமல் என்ன செய்யும்? 20 3/8 போய் 23 4/8க்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அதன் உண்மையான சோடியான 12 கீழே விழுந்தது. 8 3/8 அங்குலத் தோல்வி தாளிலிருந்தே மறைந்தது.

1935இல் புள்ளிவிபரவியலாளர் ரொனால்ட் பிஷர் சோடிகளைத் திரும்பச் சேர்த்துக் கணக்கிட்டார். 15இல் 13 சோடிகளில் அயற்கன்று உயரம். சராசரி வேறுபாடு சுமார் 2.6 அங்குலம், t பெறுமானம் (வேறுபாடு தற்செயலாக வந்திருக்குமா என்று சோதிக்கும் எண்) 2.148. சுயாதீனப் படி 14க்கு (15 சோடிகளில் ஒன்று குறைய) தாண்டவேண்டிய 5 சதவீத எல்லை 2.145. மயிரிழையில் தப்பியது! சோடியை மறந்து இரு கூட்டமாக ஒப்பிட்டால் t 2.44 அளவுக்கு ஏறுகிறது. அதாவது இங்கே சோடி சேர்த்ததால் துல்லியம் கூடவில்லை. ஒரு கன்று உயர்ந்த இடத்தில் மற்றது குறுகும் சாயல் தெரிகிறது. ஒரே சட்டி மண்ணுக்குப் போட்டியிட்டதாலும் இருக்கலாம். சோடிகள் பதிவில் இருந்ததால்தான் இதைப் பார்க்கவே முடிகிறது.

இன்று கால்ரனின் வேலையை எக்செல் சில சொடுக்குகளில் செய்துவிடும். ஒரு நிரலை மட்டும் தெரிந்து வரிசைப்படுத்தினால் எச்சரிக்கைப் பெட்டி வரும்; அதில் தெரிந்த நிரலோடு மட்டும் தொடரச் சொன்னால் பக்கத்து நிரல் அசையாது. ஆகவே ஒரு கன்றுக்கு ஒரு நிரை: சட்டி எண், சோடி எண், வகை, நட்ட திகதி, அளந்த திகதி, உயரம், குறிப்பு. அலகு தலைப்பில் மட்டும். சோடி எண் ஒவ்வொரு நிரையிலும் இருந்தால் எப்படிக் கலைத்தாலும் திரும்பச் சேர்க்கலாம். பட்டுப்போன கன்றுக்கு 0 போடாதீர்கள், சராசரி சரிந்துவிடும்; கட்டத்தை வெறுமையாக விட்டுக் குறிப்பில் காரணம் எழுதுங்கள். கழித்து வந்த வேறுபாடு வேறு தாளுக்குப் போகட்டும். எட்டிலொரு பங்குகளைத் தசமத்தில் எழுதுங்கள்: 4/8 என்று மட்டும் அடித்தால் எக்செல் அதைத் திகதியாக்கிவிடும்.

டார்வின் விட்டதொன்று உண்டு, பிஷர் குறைசொன்னதும் அதைத்தான்: சட்டியின் எந்தப் பக்கம் எந்தக் கன்றுக்கு என்று சீட்டுக் குலுக்கவில்லை. குலுக்கினால் அதற்கும் ஒரு நிரல் வேண்டும்: பக்கம், இடது அல்லது வலது.