412

ஜூன் 3
டைப்ஸ்கிரிப்ட் நிரலின் அமைப்புக் கோப்பில், மாட்யூல்களின் (தனித்தனிக் கோப்பாக எழுதும் நிரல் துண்டுகள்) வடிவம் பழைய 'ஏஎம்டி' என்றிருந்ததை, பிரௌசருக்கே நேரடியாகப் புரியும் 'இஎஸ்2015' ஆக்கினேன். ஒரே வார்த்தை. பழைய மாட்யூல்களை ஏற்றிவந்த ரிக்வயர்ஜேஎஸ்-ஐத் தூக்கிவிட்டு, டெஸ்ட்கள் ஓடும் சோதனைப் பக்கத்தில் ஸ்கிரிப்ட் டேக்குகளை மாட்யூலாக மாற்றினேன். '.ஜேஎஸ்' என்று முடியாத இம்போர்ட் (இன்னொரு கோப்பை அழைக்கும் வரி) ஒவ்வொன்றும் 404, கோப்பு கிடைக்கவில்லையாம். இரவு 11 மணி வரை ஒவ்வொன்றாக வால் ஒட்டினேன்.

ஜூன் 4
டெஸ்ட் எல்லாம் பச்சை! 2 விநாடியில் முடிந்துவிட்டது. அப்பாவுக்குக் கண் சொட்டு மருந்து போட்டாச்சு.

ஜூன் 5
2 விநாடியா? போன வாரம் வரை 412 டெஸ்ட் ஓட 3 நிமிடம் ஆனதே. படுத்தும் தூக்கம் வரவில்லை, எழுந்து லாகைத் திறந்தேன். தேர்ச்சி 0, தோல்வி 0. தோல்வி இல்லையென்றால் பச்சை காட்டு என்று டெஸ்ட் ஓட்டும் ரன்னரில் எழுதி வைத்த மகராசன் நான்தான்.

பக்கத்தை முழுக்கப் படித்த பிறகுதான் பிரௌசர் மாட்யூல்களை ஓட்டும். டெஸ்ட் கருவியான மோக்காவைக் கிளப்பும் கடைசி வரியோ சாதாரண ஸ்கிரிப்ட். ஒரு டெஸ்ட்கூடப் பதிவாவதற்குள் முந்திக்கொண்டு ஓடி முடித்துவிட்டது. ஆளே வராத வகுப்பில் எல்லாரும் பாஸ். அந்த வரியையும் மாட்யூலாக்கினேன். தேர்ச்சி 371, தோல்வி 41. சிவப்பைப் பார்த்து இவ்வளவு நிம்மதி வந்ததில்லை.

ஜூன் 6
மதியச் சொட்டை மறந்துவிட்டேன். அப்பா கேட்கவே இல்லை. அவருக்கும் மறந்ததா, இல்லை நான் வேலையாக இருக்கிறேன் என்று விட்டுவிட்டாரா?

ஜூன் 7
41-ல் 38க்கு ஒரே வியாதி. பழைய வடிவத்தில் எக்ஸ்போர்ட் (மாட்யூல் வெளியே தருவது) என்பது வெறும் ஆப்ஜெக்ட். உள்ளே கைவிட்டு டெஸ்ட்டுக்காகப் போலி ஃபங்ஷனைச் சொருகலாம். புதிய வடிவத்தின் அசல் மாட்யூலில் வெளியிலிருந்து எழுதவே முடியாது. போலிகளைச் சொருகும் கருவியான சைனான் ஒவ்வொரு ஸ்டப்பிலும் (போலி மாற்றிலும்) மறுக்கிறது. மாற்ற வேண்டியதை அளவுருவாக வாங்கிக்கொள்ளும்படி ஃபங்ஷன்களைத் திருத்தினேன். முதல் நாளே இப்படி எழுதியிருக்க வேண்டியது. முதுகு போச்சு.

ஜூன் 8
சொட்டு நேரம் 8, 12, 4, 8. அலாரம் வைத்தாயிற்று.

ஜூன் 9
மிச்சம் 3. பொருளைப் போட்ட பிறகும் நிரலின் கூடை காலியாகவே இருந்தது. ஒரு இம்போர்ட்டின் முகவரியில் மட்டும் வினாக்குறியும் பதிப்பு எண்ணும் தொங்கின. முகவரி வேறானால் பிரௌசருக்கு அது வேறு மாட்யூல். ஒரே கோப்பு, இரண்டு கூடை. ஒன்றில் போட்டு இன்னொன்றில் தேடியிருக்கிறோம்.

அப்பா காலண்டர் தேதியைக் கண்ணாடி இல்லாமல் வாசித்தார். சரியாகத்தான் வாசித்தார்.

ஜூன் 10
தோல்வி 0. தேர்ச்சி 411.

411?