பிலூ மோடியின் அட்டை

மார்ச் 4

ராத்திரி டிவியில் விவாதம். நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், ஒருத்தருக்காவது சிரிக்க வைக்கத் தெரியவில்லை. பெரியப்பா சத்தத்தைக் குறைத்துவிட்டு பிலூ மோடி கதையை எடுத்தார். (இவர் வேறு மோடி. பார்சிக்காரர், ராஜாஜி தொடங்கிய சுதந்திரா கட்சி, கோத்ரா எம்.பி.) இந்திரா ஆட்சியில் எது கோணலாகப் போனாலும் அந்நியச் சதி, சி.ஐ.ஏ. வேலை என்று சொல்லிக்கொண்டிருந்த எழுபதுகளில், 'நான் ஒரு சி.ஐ.ஏ. ஏஜெண்ட்' என்று எழுதிய அட்டையை மாட்டிக்கொண்டு நாடாளுமன்றத்துக்கே போய்விட்டார் மனுஷன். ஆள் வேறு நல்ல பாரி சரீரம். ஒற்றன் ஒளிந்து திரியத் தோதான உடம்பா அது!

மார்ச் 5

பஸ்ஸில் அதே நினைப்பு. மறுத்து அறிக்கை விட்டிருந்தால் நெருப்பில்லாமல் புகையுமா என்றிருப்பார்கள். திட்டியிருந்தால் அவைக்குறிப்பிலிருந்து நீக்கியிருப்பார்கள். ஆமாம் நான்தான் என்பவரை என்ன செய்ய?

மார்ச் 8

பெரியப்பாவோடு சண்டை. அண்ணாவின் காக்கைக்கு முன்னால் அட்டை நிற்காது என்கிறார். 1962இல் மாநிலங்களவைக்குப் போன அண்ணா, அதிகம் பேர் பேசுவதால்தான் இந்தி ஆட்சிமொழி என்றால், எங்கே பார்த்தாலும் காக்கைதானே இருக்கிறது, தேசியப் பறவையாக மயில் எதற்கு என்று கேட்டாரே, அது. சிரிப்பை உரித்துப் போட்டாலும் உள்ளே கேள்வி முழுசாக இருக்கிறது, டீக்கடையில் யார் வேண்டுமானாலும் எடுத்துச் சொல்லலாம், அறுபது வருஷமாகச் சொல்லிக்கொண்டும் இருக்கிறோம். அட்டையை மோடி ஒருத்தர்தான் மாட்ட முடியும், அதுவும் ஒரே தடவை. சரி, பாதி ஒத்துக்கொண்டேன்.

மார்ச் 9

மீதிப் பாதிக்கு இன்று பதில் கிடைத்தது. அவையில் பேசியதற்காக எம்.பி. மேல் வழக்குப் போட முடியாது, அரசியல் சட்டத்தின் 105ஆவது பிரிவு அப்படி. காக்கைக்கும் அட்டைக்கும் அந்தக் கூரை இருந்தது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்ததும் மோடியையும் தூக்கி உள்ளே வைத்தார்கள். விசாரணையில்லாமல் உள்ளே வைக்கிற மிசா சட்டத்தில் பிடித்தால் காரணம்கூடச் சொல்ல வேண்டாம் என்று சட்டத்தையே திருத்திக்கொண்டார்கள். கேலி செய்தவரை அரசாங்கம் மறக்கவில்லையே, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று பெரியப்பாவை மடக்கினேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்கிறார்: "ஏம்ப்பா, பிடிச்சிட்டுப் போறப்ப அந்த அட்டையைக் கழட்டிட்டானுங்களா, இல்ல சாட்சிக்கு இருக்கட்டும்னு விட்டுட்டானுங்களா?"